தராசு ஏறிய மூன்று கீபோர்டுகள்

என் தம்பிக்குத் தராசு என்று பெயர். பெற்றவர்கள் வைத்தது அல்ல, அவனே வைத்துக்கொண்டது. மேடையில் வாசிக்கிற கீபோர்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வீடியோ போடுவதுதான் அவன் பிழைப்பு. எதன் கட்டைகள் விரலுக்கு இதமாக இருக்கின்றன, எதன் சத்தம் காதுக்கு நிறைவாக இருக்கிறது என்று அவன் தீர்ப்புச் சொல்ல, மூன்று லட்சம் பேர் கேட்கிறார்கள். அவனைக் கேட்காமல் ஒருவரும் கடைவாசலை மிதிப்பதில்லை என்று அவனே சொல்லிக்கொள்வான்.

அவனுக்குக் கீபோர்டு வாசிக்கத் தெரியாது.

கொஞ்சமாவது தெரியும் என்று சொல்லேன், கூடப் பிறந்தவள்தானே என்பீர்கள். கூடப் பிறந்தவள் என்பதால்தான் சொல்கிறேன். ஆள்காட்டி விரலால் ச ரி க ம என்று மேலே ஏறுவான். இறங்கி வருவதற்குள் வழி தவறிவிடும்.

ஆனால் வீடியோவில் வாசிப்பு வரும், பிரமாதமாக வரும். மணிக்கட்டு வரைக்கும் இரண்டு கைகள், கறுப்புக் கையுறை போட்டுக்கொண்டு கட்டைகளின் மேல் ஓடும். முகம் தம்பியுடையது, கை என்னுடையது. பகலெல்லாம் பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் டோக்கன் எழுதுகிற அதே கை.

கையுறை எதற்கு என்று முதல் நாளே கேட்டேன். "கம்பெனிக்காரங்க நம்பிக் குடுத்த சாமான்க்கா. ரேகை விழுந்தா மூஞ்சியச் சுளிப்பாங்க" என்றான். நிஜக் காரணத்தை அவன் பெண்டாட்டி ஒரு நாள் வெள்ளந்தியாகப் போட்டு உடைத்தாள். "இல்லேன்னா பொம்பளைக் கைன்னு தெரிஞ்சிடுமே அண்ணி!" என்றாள். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஒருவன் கட்டையின் தொடுகையைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசுகிறான். மூன்று லட்சம் பேரில் ஒருவருக்காவது சந்தேகம் வர வேண்டாமா? வந்தது. அந்தக் கையுறை எந்தக் கடையில் கிடைக்கும் என்று.

நான் எதற்குக் கை கொடுத்தேன்? வாசிக்கிற ஆசைதான், வேறென்ன. எட்டு வருடம் ஒரு கச்சேரிக் குழுவில் கீபோர்டு வாசித்தவள் நான். குழு கலைந்தது. கொஞ்ச நாளில் என் கீபோர்டிலும் நடுவில் ஐந்து கட்டைகளுக்குப் பின்பக்கக் கொக்கி உடைந்து, அமுங்கினது அமுங்கினபடியே கிடந்தது. அதைத் தம்பியின் மேசைக்கடியில் தள்ளிவிட்டேன். அவனும் அதில் நாலு கம்பியைச் செருகி, எதையாவது சோதித்துப் பார்க்க வைத்துக்கொண்டான். புதிதாக ஒன்று வாங்கிக்கொள்வதுதானே என்று கேட்காதீர்கள். தம்பி வீட்டுக்கு மாதம் இரண்டு மூன்று கீபோர்டு வருகிறது, போகிறது. இத்தனையில் ஒன்று தங்காமலா போகும் என்று இருந்தேன். இலவு காத்த கிளிக்கு நான் அக்கா.

இப்படி மூன்று வருடம் ஓடியது. அப்போதுதான் பாடகியம்மாவிடமிருந்து போன் வந்தது. ஊரில் நல்ல பெயர் உள்ள பாடகி, புதிதாகக் குழு சேர்க்கிறார். பழைய குழுவில் யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

"அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வாங்க. ரெண்டு பாட்டு வாசிச்சுக் காட்டுங்க. கீபோர்டு மட்டும் உங்களோடதா இருக்கணும். ஒருத்தருகிட்ட கடன் வாங்கி வந்தா, அவர் திருப்பிக் கேக்கற அன்னிக்குக் கச்சேரி நின்னுடும், பாருங்க."

நியாயமான பேச்சு. "கொண்டு வந்துடறேங்க" என்றுதான் வாய் சொன்னது. வைத்த போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது, கையில் கீபோர்டு இல்லை.

தம்பியிடம் போனேன். முன்னறையில் மூன்று பெட்டிகள் பிரித்துக் கிடந்தன. மூன்று கம்பெனி, மூன்று கீபோர்டு, வருடத்தின் பெரிய ஒப்பீடு என்று அவன் ஒரு மாதமாகத் தம்பட்டம் அடித்த விஷயம். முதலாவதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும், அதற்கு யானை என்று பெயர் வைத்தேன். இரண்டாவது சிவப்பு. எங்கே பார்த்தாலும் விளக்கு, நடுவில் பெரிய திரை. அது பளபளா. மூன்றாவது கறுப்பாக, ஒரு விளக்குகூட ஒழுங்காக இல்லாமல் ஓரமாக நின்றது. அது ஊமை. கம்பெனி வைத்த பெயர்கள் வாயில் நுழையாது, யார் சொன்னதானாலும் இந்தப் பெயரிலேயே சொல்கிறேன்.

கையுறையைக் கழற்றிவிட்டு மூன்றையும் ஒரு சுற்று தொட்டுப் பார்த்தேன். யானையின் கட்டை நன்றாக இருந்தது, ஆனால் ஒரு பாட்டுக்குள் விரல் களைத்துவிடும். பளபளாவின் கட்டை சுவிட்சுதான், அமுக்கினால் டக்கென்று உள்ளே போய் நின்றது. ஊமையின் கட்டை அப்படி இல்லை. மெதுவாகத் தொட்டால் மெதுவாகப் பேசியது, ஓங்கி அடித்தால் கூடவே வந்தது. தொட்டு நாலு நிமிடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அதன் மேல் எனக்கு அப்படி ஓர் ஆசை வந்தது.

"டேய், எனக்கு இது வேணும்டா."

"தொடாதேக்கா! ரேகை!" என்று ஓடி வந்து துடைத்தான். விஷயத்தைச் சொன்னேன். "அக்கா, பார்க்கறவங்க ஓட்டுல ஜெயிக்கிற கம்பெனி எனக்கு அன்பளிப்புத் தர்றேன்னு எழுத்துல குடுத்திருக்கு. ஜெயிச்ச கீபோர்டுதான் அன்பளிப்பு, வேற என்ன தரப்போறாங்க? சனிக்கிழமை காலையில வரும். அது உனக்கு" என்றான்.

"சத்தியமா?"

"உன் மேல சத்தியம்."

"என் மேல வேண்டாம். உன் எடைக்கல்லு மேல பண்ணு."

டப்பாவின் மேல் கையை வைத்துச் சத்தியம் பண்ணினான். அந்த டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளே பித்தளையில் சின்னச் சின்ன எடைக்கற்கள். கட்டையின் நுனியில் ஒவ்வொன்றாக அடுக்கி, எத்தனை கிராமில் கட்டை இறங்குகிறது என்று எழுதிக்கொள்வான். எண்பத்தெட்டுக் கட்டைக்கும் எழுதுவான். மூன்று கீபோர்டுக்குமாக இரண்டு நாள் குனிந்த தலை நிமிரவில்லை.

"யானை அம்பத்தெட்டு, ஊமை அம்பத்தாறு. ரெண்டு கிராம் வித்தியாசம்க்கா!"

"வாசிச்சுப் பார்த்தா தெரியாதா அது?"

"வாசிச்சா அபிப்பிராயம்தான் கிடைக்கும். எடை போட்டாத்தான் உண்மை கிடைக்கும்" என்றான். இதை அப்படியே வீடியோவிலும் சொன்னான். அதற்கு மட்டும் ஒன்பதாயிரம் பேர் கை தட்டியிருந்தார்கள்.

அவன் முறை இப்படி. கை ஒரு நாள், சத்தம் ஒரு நாள். முதல் நாள் நான் ஒரு பாட்டை ஊமையில் ஒரே ஒரு முறை வாசித்தேன். எந்தக் கட்டையை எப்போது, எவ்வளவு அழுத்தி அடித்தேன் என்று கணினி குறித்துக்கொண்டது. பிறகு கையுறையோடு மூன்றிலும் சத்தமில்லாமல் விரலை ஓட்டினேன், அவன் படம் பிடித்தான். மறுநாள் என் வாசிப்பையே கணினி மூன்று கீபோர்டுக்கும் சொல்லி வாசிக்க வைக்கும், அவன் சத்தத்தைப் பதிவு செய்வான். ஒரே கை, ஒரே வாசிப்பு, மூன்று சத்தம். இதைவிட நேர்மையான ஒப்பீடு உலகத்தில் இல்லை என்றான். எனக்கும் சரியாகத்தான் பட்டது.

வாசிக்கும்போது ஒரு சண்டை. மூன்றாவது வரி மேலே ஏறுவதற்கு முன்னால் நான் ஒரு துளி நின்று ஏறுவேன்.

"ஏன்க்கா அங்க நிக்கிற? நேராப் போயேன்."

"அங்க பாடறவங்க மூச்சு விடணும்டா."

"இங்க யாரு பாடறா?"

அவன் கேட்டதும் சரிதான். எட்டு வருடப் பழக்கம், கை நின்றுவிடுகிறது. போகட்டும் என்று விட்டுவிட்டான்.

புதன்கிழமை வீடியோ வந்தது. ஆஸ்பத்திரியில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, காதில் கம்பியை மாட்டிக்கொண்டு மேசைக்குப் பின்னால் குனிந்தேன். தம்பி சட்டை எல்லாம் போட்டுக்கொண்டு நீதிபதி மாதிரி உட்கார்ந்திருந்தான். முதலில் யானை. என் வாசிப்பு. நன்றாகத்தான் இருந்தது. மேலே ஏறின இடத்தில், மத்திமத்தில், கொசு பறக்கிற மாதிரி ஒரு சின்னச் சிணுங்கல் கேட்டது. எங்கேயோ கேட்ட சிணுங்கலாக இருக்கிறதே என்று நினைத்தேன். அடுத்தது பளபளா. அதே இடத்தில் அதே சிணுங்கல். மூன்றாவது ஊமை. அதிலும் அதே கொசு.

எட்டு வருடம் மேடைக்கு மேடை அந்தக் கொசுவோடு குடித்தனம் நடத்தியவள் நான். அது என் பழைய கீபோர்டு. தம்பியின் மேசைக்கடியில், ஐந்து கட்டை செத்துக் கிடக்கிற என் கீபோர்டு.

கட்டைதானே செத்தது, உள்ளே இருக்கிற சத்தம் சாகவில்லையே. எந்தக் கீபோர்டு வாசிக்க வேண்டும் என்று கணினியில் குறிக்கிற இடத்தில், போன மாதம் எதையோ சோதிக்க என் கீபோர்டின் பெயரைப் போட்டவன் மாற்ற மறந்திருக்கிறான். கம்பியையும் பிடுங்கவில்லை. மேசைமேல் யானையும் பளபளாவும் ஊமையும் மாறி மாறி வாயை மூடிக்கொண்டு நிற்க, அடியிலிருந்து மூன்று முறையும் பாடினது என் கிழம்.

அதற்கு மேல் தம்பி சொன்ன தீர்ப்பைக் கேட்க வேண்டுமே! "யானையின் சத்தத்தில் ஒரு மரத்தின் வாசனை இருக்கிறது. பளபளாவில் அடியில் ஒரு கனம், மேலே ஒரு வெளிச்சம். ஊமையின் சத்தம் கொஞ்சம் தகரம்." என் மூச்சு இடத்துக்கு வந்தான். "இங்கே பாருங்கள், ஊமையில் ஓர் இடைவெளி விழுகிறது. கட்டை மேலே எழுந்து வரத் தாமதம் ஆகிறது. பளபளாவிலும் அதே இடத்தில் இடைவெளி உண்டு, ஆனால் அங்கே அது உணர்ச்சி."

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எதிரில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த பெரியவர், "சிரிப்பா இருக்காம்மா உனக்கு?" என்று பாதி வாயால் கேட்டார். டாக்டர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். மன்னிப்புக் கேட்டு முடிவதற்குள் எனக்கு மூன்று முறை சிரிப்பு வந்தது.

சாயங்காலம் நேராகத் தம்பி வீடு. கணவனும் மனைவியும் சோபாவில் உட்கார்ந்து பின்னூட்டம் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க அண்ணி! ஓட்டு ஓஹோன்னு போயிட்டிருக்கு. ஒருத்தர் எழுதியிருக்காரு, ஊமை சத்தத்தைக் கேட்டு அவருக்குத் தலைவலியே வந்துடுச்சாம்."

"தம்பி, பளபளாவுல அடியில ஒரு கனம் இருக்குன்னியே, அது எங்க இருக்கு?"

"தாழ்ந்த ஸ்தாயிலக்கா. கவனிச்சியா நீ? எல்லாருக்கும் கேக்காது அது."

"எனக்குக் கேட்டுச்சு. மேசைக்கு அடியில இருக்குடா."

அவனுக்கு உடனே புரியவில்லை. கணினியைத் திறக்கச் சொன்னேன். பெயர் போட்டிருந்த இடத்தைக் காட்டினேன். பார்த்தான். வீடியோவை மூன்று முறை ஓட்டிக் கேட்டான். முகத்தில் ஈயாடவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி இருப்பானோ அப்படி இருந்தான், கத்தவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

"அக்கா... வேற யாருக்காவது தெரியுமா?"

"மூணு லட்சம் பேர் காதை வச்சுக்கிட்டுத்தானே கேட்டாங்க. அவங்களையே கேளு."

"சொன்னா காறித் துப்புவாங்கக்கா. உண்மைய ஒத்துக்கிட்டா மதிப்பாங்கன்னு சொல்லாதே. யாரும் மதிக்க மாட்டாங்க." பெண்டாட்டி விசிறியைப் போட்டுவிட்டாள். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "வாயைத் திறக்காதே. ஜெயிக்கறது எதுவோ, சனிக்கிழமை அது உனக்குத்தான். ஞாயித்துக்கிழமை நீ போகணும்ல?"

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். வாயை மூடிக்கொண்டேன். பாவம் அந்த ஊமை, வாயே திறக்காததற்குத் தகரம் என்று பட்டம் வாங்கிக்கொண்டு நின்றது. எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் பெரிதாக இருந்தது. ஆசை வந்தால் மனுஷிக்குக் கண் மட்டுமா போகிறது, வாயும் போய்விடுகிறது.

வெள்ளி சாயங்காலம் ஓட்டு முடிந்தது. நாற்பதாயிரம் ஓட்டு. சத்தம் எல்லாவற்றுக்கும் ஒன்றே என்றால், ஓட்டு எதற்கு விழும்? சிவப்புக்கு விழுந்தது. பளபளா முதலிடம், யானை இரண்டு, ஊமை கடைசி. போகட்டும், சுவிட்சானாலும் கீபோர்டு கீபோர்டுதான், இரண்டு பாட்டு ஓட்டிவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் நானும் தம்பியும் அவன் பெண்டாட்டியும் முன்னறையில் வரிசையாக நின்றோம். தோற்ற இரண்டு கீபோர்டுகளையும் அந்தந்தக் கம்பெனி முந்தின நாளே தூக்கிப் போயிருந்தது. பளபளாக் கம்பெனிக்காரர் வந்தார். தம்பியைக் கட்டிக்கொண்டார். "சார், 'மேலே ஒரு வெளிச்சம்'னு சொன்னீங்க பாருங்க, எங்க ஆபீஸ்ல அதை எழுதியே மாட்டிட்டோம்" என்றார். கூட வந்த இரண்டு ஆட்கள் பளபளாவைப் பெட்டியில் வைத்து வேனில் ஏற்றினார்கள். புதுசு ஒன்று இறக்கப்போகிறார்கள் என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறக்கினது ஒரு பை.

நல்ல பைதான், குறை சொல்ல மாட்டேன். உள்ளே மெத்தென்று பஞ்சு, முதுகில் மாட்ட இரண்டு வார், பக்கவாட்டில் கம்பெனியின் பெயர் ஊருக்கே தெரிகிற அளவில்.

"எங்க அன்பளிப்பு சார். இந்தப் பை கடையில தனியாக் கிடைக்காது."

"இதுக்குள்ள வைக்கிறதுங்க?" என்று நான் கேட்டேன்.

"அது கடையில கிடைக்கும் மேடம்" என்றார்.

வேன் போனதும் என் வாயிலிருந்து வந்ததையெல்லாம் அச்சில் போட முடியாது. மூன்று வருடக் கையுறையை எடுத்து அவன் மேல் எறிந்தேன். "உன் மூஞ்சிக்கு என் கைய வாடகைக்கு விட்டேனேடா! ஒரு கீபோர்டு நிக்கலையே இந்த வீட்டுல! நாளைக்கு நான் பையைத் தூக்கிட்டுப் போய் பையையா வாசிச்சுக் காட்டுறது?" என்று கத்தினேன். கத்திக்கொண்டே இருந்தவள் அழுதுவிட்டேன். அழுகை எனக்குப் பிடிக்காது, அதனால் இன்னும் கோபம் வந்தது. தம்பி எடைக்கல் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தலையைத் தொங்கப் போட்டிருந்தான். "எழுத்துல அன்பளிப்புன்னுதான்க்கா இருந்துச்சு. நான் எடை போடாம விட்டது அதை மட்டும்தான்" என்றான்.

மூக்கைச் சிந்தத் துணி தேடிக் குனிந்தேன். மேசைக்கடியில் சின்னதாகச் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. என் கிழம். ஒருவரும் அணைக்கக்கூட இல்லை. நாற்பதாயிரம் ஓட்டும், மர வாசனையும், அடியில் கனமும், மேலே வெளிச்சமும், எல்லாப் புகழும் இதற்கு வந்ததல்லவா? வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

"டேய், ஸ்க்ரூடிரைவர் எடு."

கீபோர்டில் ச ரி க ம திரும்பத் திரும்ப வருகிற ஒவ்வொரு ஸ்தாயிக்கும் கட்டைகள் ஒரே வார்ப்புதான். நடுவில் இருக்கிற மத்திமமும் ஓரத்தில் இருக்கிற மத்திமமும் ஒரே அச்சு, ஒன்றைக் கழற்றி மற்றொன்றின் இடத்தில் போட்டால் உட்கார்ந்துகொள்ளும். பழைய குழுவில் ஒரு முறை நானே செய்து பார்த்ததுதான். இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை என்றால், ஓசியில் வரும் என்று காத்திருக்கிற மூளைக்கு எப்படித் தோன்றும்? இடது ஓரத்துக் கடைசிக் கட்டைகளை எட்டு வருடத்தில் நான் தொட்டது நாலு தடவை இருக்கும். அந்தப் பக்கத்தைப் பாஸ் கிடார்க்காரர் பார்த்துக்கொள்வார். அங்கேயிருந்து ஐந்தைப் பிடுங்கி நடுவில் வைத்தேன். உடைந்ததைத் தூக்கி எறிந்தேன். எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிற சில வாய் மாதிரி ஓரத்தில் ஐந்து பொக்கை விழுந்தது.

தம்பி திருகாணிகளை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, கீபோர்டின் வயிற்றுக்குள் எட்டி எட்டிப் பார்த்தான். எத்தனையோ கீபோர்டை எடை போட்டவன், உள்ளே பார்த்தது அன்றுதான். மூடி முடித்ததும் சும்மா இருக்க முடியாமல் நடுக் கட்டையில் ஒரு எடைக்கல்லை வைத்தான்.

"அக்கா, இது அறுபத்தொண்ணு வருது. ரொம்பக் கனம்."

"எடுடா கல்லை!" என்றேன். எடுத்துவிட்டான். நான் வாசித்தேன், கையுறை இல்லாமல்.

ஞாயிறு பத்து மணிக்குப் போனேன். டயர் கடைக்கு மேல் மாடி அறை. ஒரு டிரம்ஸ்காரர், ஒரு பாஸ் கிடார்க்காரர், ஜன்னலோரம் நாற்காலியில் பாடகியம்மா. முதுகில் இருந்த பையைப் பார்த்ததும் டிரம்ஸ்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

"அட, அந்தச் சிவப்பா! நான் அதுக்குத்தான் ஓட்டுப் போட்டேன்."

பையைத் திறந்தேன். அவர் முகம் விழுந்துவிட்டது. "என்னங்க இது, பல்லெல்லாம் போயிருக்கு?"

"கடைவாய்ப் பல்லுதாங்க. முன்னால எல்லாம் கெட்டியா இருக்கு."

வீடியோவில் வந்த பாட்டையே முதலில் எடுத்தேன், மேடையில் பழகி விரலில் நின்றது அதுதான். பாடகியம்மா இருந்த இடத்திலிருந்தே மெல்லப் பாட ஆரம்பித்தார். மூன்றாவது வரிக்கு முன்னால் என் கை வழக்கம்போல ஒரு துளி நின்றது, பிறகு ஏறியது. கொசுவும் தன் இடத்தில் சரியாகச் சிணுங்கியது. முடித்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"சத்தம் அந்தச் சிவப்பு மாதிரியே இருக்கே!" என்றார் டிரம்ஸ்காரர்.

"சேச்சே, சிவப்புல அடியில ஒரு கனம் இருக்கும். இதுல எங்க இருக்கு?" என்றார் பாஸ்காரர். இரண்டு பேரும் சண்டை போட ஆரம்பித்தார்கள்.

பாடகியம்மா கையை உயர்த்தினார், பேச்சு நின்றது.

"எனக்குக் கீபோர்டைப் பத்தி ஒண்ணும் தெரியாது. இவர்தான் அந்த வீடியோவக் காட்டினாரு. எனக்கு மூணும் ஒரே மாதிரிதான் கேட்டுச்சு. சொன்னா இவர் சிரிச்சாரு." டிரம்ஸ்காரர் இப்போதும் சிரித்தார். "ஆனா வாசிச்ச கை ஒரு எடத்துல நின்னுச்சு. மேல போறதுக்கு முன்னால. பாடறவளுக்கு மூச்சு விட இடம் விட்டுச்சு. சும்மா கேட்டுக்கிட்டு இருந்த நானே அந்த எடத்துல மூச்சு விட்டேன். இப்பப் பாடும்போதும் அங்கேயேதான் விட்டேன்."

என்னையே பார்த்தார்.

"அந்தக் கறுப்புக் கையுறை நீங்களாம்மா?"

மூன்று வருடம், மூன்று லட்சம் பேர். கட்டையைக் கேட்டார்கள், சத்தத்தைக் கேட்டார்கள், கையுறையைக்கூடக் கேட்டார்கள். இதை ஒருவரும் கேட்டதில்லை.

"ஆமாங்க. அது என் கைதான்."

பாடகியம்மா எழுந்து வந்து, மடியில் இருந்த என் கையை ஒரு நிமிடம் பார்த்தார்.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒத்திகை. கையுறைய வீட்டுல வச்சிட்டு வாங்க" என்றார்.